பாம்பின் கால் எங்கே போயிற்று?

மலைப்பாம்பைப் புரட்டிப் பார்த்தால் கழிவுத்துளைக்கு இரண்டு பக்கமும் கொக்கி போல ஒரு சிறு நகம் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஆணுக்கு அது சற்றுப் பெரிது; இணைசேரும்போது பெண்ணின் உடலை அதனால் வருடும். அந்த இடத்தில் தோலுக்கு உள்ளே தொடையெலும்பின் மிச்சம் ஒன்றும் இடுப்பெலும்பின் மிச்சம் ஒன்றும் இருக்கும். முதுகெலும்போடு எந்த ஒட்டுறவும் இல்லாமல் தசைக்குள் சும்மா கிடக்கும்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஆனால் அந்தக் கால் எப்படிப் போனது என்பதைக் காட்டிக்கொடுத்தது எலி. அந்த விவரத்தைப் படிப்படியாகப் பார்த்தால், பரிணாமக் கருவளர்ச்சியியல் என்ற துறை (எவோ-டெவோ என்று செல்லமாக) உயிர்களின் வகைவகையான உருவங்களுக்கு என்ன காரணம் சொல்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

பள்ளிப் பாடத்தில் பரிணாமம் இரண்டு வரியில் முடிந்துவிடும். டி.என்.ஏ.வில் பிழை வருகிறது, சூழலுக்குப் பொருந்துவது பிழைக்கிறது. இரண்டும் சரி. ஆனால் பிழை நேர்வது டி.என்.ஏ.வில், பிழைப்பதும் சாவதும் முழு உடம்பு. நடுவில் ஒரு செல் பல கோடி செல்களாகி, எது தலை எது வால் என்று முடிவாகி, விரல்கள் பிரிந்து ஓர் உடம்பு உருவாகிறதே, அந்தக் கட்டம் பாடத்தில் வருவதே இல்லை. எழுத்தில் நேர்ந்த பிழை எலும்பில் எப்படித் தெரிகிறது என்பதைக் கருவுக்குள் பார்க்காமல் சொல்ல முடியாது.

பார்த்தபோது முதலில் கிடைத்தது அதிர்ச்சிதான். மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. எலிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. முழு வளர்ச்சியில் 959 உடற்செல்கள் மட்டுமே கொண்ட ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கும் (சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்) அதே அளவுதான். எண்ணிக்கை மட்டுமா? உடம்பைக் கட்டும் முக்கியமான மரபணுக்களும் பெரும்பாலும் ஒன்றே. ஈயின் உடலில் எந்தக் கண்டம் நெஞ்சு, எந்தக் கண்டம் வயிறு என்று முடிவு செய்யும் ஹாக்ஸ் மரபணுக்கள் எட்டு. எலிக்கும் மனிதனுக்கும் அதே குடும்பத்தில் 39, நான்கு தொகுப்புகளாக. ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ.வின் 180 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. 1984-இல் இது வெளியானபோது ஈயைப் படித்தவர்களும் எலியைப் படித்தவர்களும் ஒரே பெட்டிக்குள் கைவிட்டிருப்பது தெரிந்தது. கருவிகள் ஒன்றே என்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

பாம்புக்குத் திரும்புமுன் கோழிமுட்டைக்குள் போக வேண்டும். கால் எப்படி முளைக்கிறது என்று தெரியாமல் அது எப்படிப் போனது என்று கேட்பதில் பயனில்லை.

அடைகாக்கும் பெட்டியில் 38 டிகிரி செல்சியஸில் முட்டையைப் படுக்கை வாட்டத்தில் வைத்தால், மூன்றாம் நாள் முடியும் வேளையில் கருவின் விலாப்பக்கம் சிறு துடுப்பு மாதிரி நான்கு மேடுகள் எழும். முன்னிரண்டு சிறகாகும், பின்னிரண்டு காலாகும். இவற்றை மொட்டு என்பார்கள். மொட்டில் வேலை செய்வதற்கு முதலில் ஊசிபோட்டுச் சில மில்லிலிட்டர் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டில் சன்னல் வெட்டினால், ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் கருவும் அதன் இரத்தக்குழாய்களும் சேர்ந்து கிழியும். குழாய் ஒன்று அறுந்தால் அந்த முட்டை போயிற்று. வேலை முடிந்ததும் சன்னலை டேப்பால் மூடி மறுபடி பெட்டியில் வைக்க வேண்டும். சரியாக ஒட்டாவிட்டால் கரு காய்ந்து சாகும். சன்னல் வெட்டிய முட்டையை மற்ற முட்டைகளைப் போல உருட்டவும் கூடாது.

1948-இல் கருவளர்ச்சி ஆய்வாளர் ஜான் சாண்டர்ஸ் இப்படித்தான் மொட்டின் நுனியில் இருக்கும் மெல்லிய மேட்டை மட்டும் நுண்ணூசியால் உரித்தெடுத்தார். கொஞ்சம் முன்கூட்டியே உரித்தால் தோளையொட்டிய எலும்பு மட்டும் வந்தது, மற்றது இல்லை. தாமதமாக உரித்தால் விரல்நுனி மட்டும் இல்லை. ஆக, கை கால் உடம்பிலிருந்து வெளிநோக்கி, தோள் முதலில் விரல் கடைசியில் என்ற வரிசையில் கட்டப்படுகிறது. நுனிமேடு இருக்கும் வரைதான் கட்டுமானம் நடக்கும்.

இருபது ஆண்டு கழித்து அவரே மேரி காசலிங்குடன் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார். மொட்டின் பின் ஓரத்திலிருந்து, அதாவது சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்திலிருந்து, ஒரு துண்டுத் திசுவை வெட்டி வேறொரு கருவின் முன் ஓரத்தில் நட்டால் விரல்கள் கண்ணாடிப் பிம்பமாக இரட்டிக்கின்றன. கோழிச்சிறகில் வழக்கமாக 2-3-4 என்றிருக்கும் விரல்வரிசை 4-3-2-2-3-4 ஆகிறது. அந்தத் துண்டிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது, அது செறிவாக உள்ள இடத்தில் சுண்டுவிரல் என்று ஊகித்தார்கள். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தை ஒரு மணியில் நனைத்து வைத்தாலும் அதே இரட்டிப்பு வந்ததால், அதுதான் அந்தப் பொருள் என்று ஏறக்குறைய பத்தாண்டு பலர் நம்பினார்கள். அந்த அமிலம் செய்தது வேறு: உண்மையான பொருளைச் சுரக்கும்படி பக்கத்துச் செல்களைத் தூண்டிவிட்டது. ஒன்றைச் சேர்த்தால் விளைவு வருகிறது என்பதற்காக இயற்கையிலும் அதுவே அந்த வேலையைச் செய்கிறது என்று ஆகாது. இந்தத் துறையில் அடிக்கடி வழுக்கும் இடம் இது.

உண்மையான பொருள் 1993-இல் கிடைத்தது. ஈயில் முன்பே தெரிந்திருந்த ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் உறவு. கண்டவர்கள் வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரை எடுத்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று வைத்துவிட்டார்கள். நோயாளியின் பெற்றோரிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய மருத்துவர்களின் சங்கடத்தை அன்று யாரும் யோசிக்கவில்லை போலும். இனி சோனிக் என்றே சொல்வோம்.

பாம்பு காலை இழந்தது சோனிக் மரபணு கெட்டதால்தானே? அப்படி இருக்க வழியில்லை. சோனிக்கை முற்றிலும் நீக்கிய எலியை 1996-இல் உருவாக்கினார்கள். கால்கள் குட்டையாகிப்போனது சின்ன விஷயம். மூளை இரண்டாகப் பிரியவில்லை, முகத்தின் நடுவே ஒற்றைக் கண், பிழைக்கவே இல்லை. மூளை, தண்டுவடம், நுரையீரல், குடல் என்று சோனிக் வேலை செய்யாத இடம் குறைவு. பாம்புக்கும் மூளை வேண்டும், குடல் வேண்டும். ஆகவே மரபணுவைத் தொலைத்துக் காலைத் தொலைப்பது ஆகாத காரியம்.

மரபணு ஒன்றுதான், அதை இயக்கும் சுவிட்சுகள் பல என்பதில்தான் சூட்சுமம். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒன்று, அறைக்கு அறை சுவிட்ச் வேறு என்பது போல. என்ஹான்சர் எனப்படும் இந்த சுவிட்ச், புரதம் எதையும் செய்யாத, சில நூறு எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு. அதன்மேல் குறிப்பிட்ட சில புரதங்கள் வந்து உட்கார்ந்தால்தான் மரபணு இயங்கும். அந்தப் புரதங்கள் சேர்ந்தாற்போல எந்தத் திசுவில் இருக்கின்றனவோ அங்கே மட்டும் சுவிட்ச் விழும். மூளையின் சுவிட்சும் காலின் சுவிட்சும் தனித்தனி.

சோனிக்கின் கால் சுவிட்சுக்கு இசட்.ஆர்.எஸ். என்று பெயர். சுமார் 800 எழுத்து. மரபணுவிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி, சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. கருவின் மொட்டில் டி.என்.ஏ. மடிந்து வளைந்து இரண்டும் அருகருகே வருகின்றன. எலியில் இந்த ஒரு துண்டை மட்டும் 2005-இல் நீக்கிப் பார்த்தார்கள். மூளை சரி, முகம் சரி, உள்ளுறுப்பு எல்லாம் சரி. நான்கு கால்களிலும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் அப்பால் உருப்படியாக ஒன்றும் இல்லை.

இதே சுவிட்சில் ஓர் எழுத்து மாறினால் எதிர்விளைவும் வருவதுண்டு. மொட்டின் முன் ஓரத்திலும் சோனிக் சுரக்கத் தொடங்கும். சாண்டர்ஸ் நட்ட துண்டின் வேலையை அது செய்துவிடும். ஃபுளோரிடாவில் எழுத்தாளர் ஹெமிங்வே வீட்டுப் பூனைகளின் கூடுதல் விரல்களுக்குக் காரணம் இதுதான். மனிதரில் கட்டைவிரல் பக்கம் ஆறாம் விரல் வரும் சில குடும்பங்களிலும் இதே இடத்தில்தான் பிழை. (நம்மூரில் அதிர்ஷ்டம் என்று கொண்டாடப்படும் சுண்டுவிரல் பக்கத்து ஆறாம் விரலுக்குக் காரணமான மரபணுக்கள் பெரும்பாலும் வேறு.)

2016-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகக் குழு ஒரு காரியம் செய்தது. எலியின் டி.என்.ஏ.வில் இருந்த இசட்.ஆர்.எஸ். துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் மற்ற உயிர்களின் துண்டை வைத்தது. மனிதனுடையதை வைத்தால் எலிக்குக் கால் ஒழுங்காக வந்தது. மீனுடையதை வைத்தாலும் வந்தது. 40 கோடி ஆண்டு இடைவெளி ஒரு பொருட்டாகவே இல்லை. பாம்பினுடையதை வைத்தபோதுதான் சுவிட்சையே நீக்கிய எலியைப் போலக் கால் கட்டையாக நின்றது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், பாம்பின் துண்டில் மற்றவற்றில் உள்ள 17 எழுத்துகள் இல்லை. இ.டி.எஸ்.1 என்ற புரதம் வந்து உட்காரும் இடம் அது. அந்த இடத்தை மட்டும் மலைப்பாம்பின் துண்டில் திரும்ப எழுதி எலியில் வைத்தார்கள். எலிக்குக் கால் வந்துவிட்டது, விரல்களோடு.

மலைப்பாம்பின் சுவிட்ச் பெரும்பகுதி இன்னும் அடையாளம் தெரியும்படி இருக்கிறது. நாகம், விரியன் வகைகளில் அது உருக்குலைந்துவிட்டது. நகம் மிச்சமிருப்பது மலைப்பாம்புக்குத்தான், நல்ல பாம்புக்கு இல்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது. மலைப்பாம்பின் கருவில் பின்கால் மொட்டு எழுந்து, சோனிக் சிறிது நேரம் மங்கலாகச் சுரந்து நின்றுபோகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளின் முன்வடிவம் கூடத் திரண்டு, பிறகு கரைகிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்ணால் பார்க்கிறார்கள்? இரண்டு வழி அடிக்கடி பயன்படும். முதலாவது, ஒரு மரபணு கருவில் எங்கே இயங்குகிறது என்று சாயமேற்றிப் பார்ப்பது. கருவை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஓரிரவு வைத்துப் பதப்படுத்த வேண்டும். பிறகு புரோட்டினேஸ் கே நொதியால் திசுவைக் கொஞ்சம் இளக்க வேண்டும். பத்து நாள் எலிக்கருவுக்கு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் 10 முதல் 15 நிமிடம். குறைந்தால் தேடும் ஆர்.என்.ஏ. துண்டு உள்ளே நுழையாது; மிஞ்சினால் நாம் பார்க்க வந்த மொட்டின் நுனிமேடே உரிந்து கையோடு வந்துவிடும். அப்புறம் குறியிட்ட ஆர்.என்.ஏ.வோடு 65 முதல் 70 டிகிரியில் ஓரிரவு, பலமுறை கழுவல், குறியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள், கடைசியில் சாயம். மரபணு இயங்கும் இடம் ஊதாவாகத் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் ஏமாறும் இடம் மூளையின் உட்குழிகளும் காதுப்பையும். குழிக்குள் கரைசல் தங்கிப் பொய்யான நிறம் காட்டும். கழுவுமுன் தலையில் ஒரு துளை போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். எதிர்த்திசையில் எழுதிய ஆர்.என்.ஏ.வையும் இன்னொரு கருவில் கூடவே ஓட்டிப் பார்க்காத படத்தை நம்பவே கூடாது.

இரண்டாவது, ஒரு துண்டு சுவிட்ச்தானா என்று சோதிப்பது. அதை ஒரு பாக்டீரிய மரபணுவோடு ஒட்டி எலியின் முட்டைச்செல்லில் செலுத்தி, பதினொன்றரை நாளில் கருவை எடுத்துச் சாயத்தில் போட்டால் சுவிட்ச் விழுந்த இடம் நீலமாகும். சிக்கல் என்னவென்றால் செலுத்திய துண்டு டி.என்.ஏ.வில் கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் வேறு சுவிட்சின் பேச்சையும் கேட்கும். ஒரே துண்டு ஒரு கருவில் காலிலும் இன்னொன்றில் கண்ணிலும் நீலம் காட்டுவது இதனால்தான். குறைந்தது மூன்று தனித்தனிக் கருக்களில் ஒரே இடத்தில் வந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். இப்போது டி.என்.ஏ.வின் ஒரு குறிப்பிட்ட இடத்திலேயே துண்டைப் பொருத்தும் முறை வந்து இந்தத் தலைவலியைக் குறைத்திருக்கிறது.

பாம்பின் கதையில் ஒரு குறை உண்டு. பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய சமாச்சாரம். சுவிட்ச் கெட்டதால் கால் போனதா, கால் எப்படியோ போனபின் பயனற்ற சுவிட்ச் துருப்பிடித்ததா என்று ஒருவர் கேட்டால் பாம்பை வைத்து மட்டும் வாயடைக்க முடியாது. அதற்கு ஸ்டிக்கிள்பேக் என்ற விரல்நீள மீன் வேண்டும்.

கடலில் வாழும் ஸ்டிக்கிள்பேக்குக்கு வயிற்றடியில் இடுப்பெலும்பும் அதிலிருந்து இரண்டு கூரிய முள்ளும் உண்டு. பெரிய மீன் விழுங்க வந்தால் தொண்டையில் குத்தும். பனியுகம் முடிந்தபோது, 12,000 ஆண்டுகளுக்குள்தான், வட அமெரிக்காவின் ஏரிகளில் மாட்டிக்கொண்ட மீன்கள் சில இந்த முள்ளை இழந்துவிட்டன. இடைவெளி சிறியது என்பதால் கடல்மீனும் ஏரிமீனும் இன்னும் கலந்து முட்டையிடும். ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கிங்ஸ்லியின் குழு இரண்டையும் கலந்து, பேரக்குஞ்சுகளில் முள்ளோடு சேர்ந்து கைமாறும் டி.என்.ஏ. பகுதியைத் தேடியது. பிட்எக்ஸ்1 மரபணு அகப்பட்டது. புரதத்தின் எழுத்துகளில் கடல்மீனுக்கும் ஏரிமீனுக்கும் வித்தியாசமே இல்லை. ஏரிமீனின் இடுப்பில் மட்டும் அது இயங்கவில்லை; மற்ற இடங்களில் இயங்குகிறது. இடுப்பு சுவிட்ச் இருந்த துண்டு அறுந்து விழுந்திருந்தது, வெவ்வேறு ஏரிகளில் வெவ்வேறு நீளத்தில், அதாவது தனித்தனியாக. 2010-இல் கடல்மீனின் சுவிட்சை, சுமார் 2,500 எழுத்து, பிட்எக்ஸ்1 மரபணுவோடு சேர்த்து ஏரிமீனின் முட்டையில் செலுத்தியபோது இடுப்பெலும்பும் முள்ளும் திரும்ப முளைத்தன.

இதில் எனக்கு மிகப் பிடித்த தடயம் வேறு. முள் முழுதாகப் போகாத மீன்களில் மிச்சமிருக்கும் எலும்பு இடப்பக்கம் பெரிதாகவும் வலப்பக்கம் சிறிதாகவும் இருக்கும். காரணம், உடம்பின் இடப்பக்கத்தில் மட்டும் இயங்கும் பிட்எக்ஸ்2 என்ற பங்காளி மரபணு, அண்ணன் இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. பிட்எக்ஸ்1 நீக்கிய எலிக்கும் இடது பின்கால் பெரிது. பின்கால் இல்லாத கடல்வாழ் பாலூட்டியான மானட்டியின் இடுப்பெலும்பு மிச்சத்தை அளந்தால் அங்கேயும் இடது பெரிது. மானட்டியை வைத்து ஆய்வகத்தில் இனக்கலப்பு செய்ய முடியாது. அருங்காட்சியக எலும்பை அளவுகோலால் அளந்தே அதன் கருவில் நடந்ததை ஊகிக்க முடிகிறது.

இதுவரை சொன்னது எங்கே என்ற கேள்வி. எவ்வளவு வேகத்தில் என்பதும் உருவத்தை மாற்றும். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணிக்கும் மூலமான சோமைட் என்ற கட்டிகள், கருவில் ஒரு கடிகாரத்தின் தாளத்துக்கு ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. கோழியில் 90 நிமிடத்துக்கு ஒன்று, எலியில் 2 மணி நேரத்துக்கு ஒன்று. மொத்தம் எலிக்கு 65, கோழிக்கு 55 என்றால், கார்ன் ஸ்னேக் என்ற அமெரிக்கப் பாம்புக்கு 315. பாம்பின் கரு வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அதன் கடிகாரம் மிக விரைவாக ஓடுகிறது. அதே மாவை நிறையச் சிறு உருண்டைகளாக உருட்டினால் எண்ணிக்கை கூடுமல்லவா, அதுதான். புதுக் கடிகாரம் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இவ்வளவு படித்துவிட்டு எல்லாமே சுவிட்ச்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எவோ-டெவோ ஆட்கள் சிலர் அப்படிப் பேசியதால் 2000-களில் பெரிய சண்டையே நடந்தது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பூச்சிக்கு ஏன் ஆறு கால்தான் என்பதைப் பாருங்கள். வயிற்றுக் கண்டங்களில் இயங்கும் யூபிஎக்ஸ் என்ற ஹாக்ஸ் புரதம் அங்கே கால் முளைக்காமல் தடுக்கிறது. உப்பளத்து இறாலான ஆர்ட்டீமியாவிலும் யூபிஎக்ஸ் உண்டு, ஆனால் அது காலைத் தடுப்பதில்லை. ஈயின் கருவில் இரண்டையும் இயக்கிப் பார்த்தபோது ஈயுடையது முழுத் தடை போட்டது, இறாலுடையது போடவில்லை. இங்கே மாறியது புரதத்தின் கடைசிப் பகுதி, சுவிட்ச் இல்லை. பல இடங்களில் வேலை செய்யும் மரபணுவில் சுவிட்சைத் தொடுவது ஆபத்துக் குறைந்த வழி என்பது உண்மை. ஒரே வழி என்பது உண்மையில்லை.

சோனிக்கே இன்னோர் இடத்தில் நேர்மாறாகவும் வேலை காட்டியிருக்கிறது. மெக்சிகோவின் குகைகளில் வாழும் அஸ்டியானக்ஸ் மீனுக்குக் கண் இல்லை. கருவில் கண் உருவாகத் தொடங்கி, வில்லை செத்து, பின்பு முழுவதும் சுருங்கிவிடுகிறது. காரணம் சோனிக் தலையின் நடுக்கோட்டில் வழக்கத்தைவிட அகலமாகச் சுரப்பது. அதே மிகைச் சுரப்பால் வாயிலும் தாடையிலும் சுவை அரும்புகள் பெருகுகின்றன. இருட்டில் கண்ணால் லாபமில்லை, நாக்கால் லாபம். குகைக்கு வெளியே வாழும் மீனின் கருவில் சோனிக்கைக் கூட்டினால் அதன் கண்ணும் சுருங்குகிறது. வெளிமீனின் வில்லையைக் குகைமீனின் கருக்கண்ணில் நட்டால் கண் வளர்கிறது.

சரி, அந்த 17 எழுத்தை மலைப்பாம்பின் டி.என்.ஏ.விலேயே எழுதி வைத்தால் பாம்பு நடக்குமா? எலியில் நடந்தது பாம்பில் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எலிக்கு மற்றதெல்லாம் தயாராக இருந்தது. சுவிட்ச் மட்டும்தான் இரவல். பாம்பில் சோனிக்கிடம் பேச வேண்டிய நுனிமேடே ஒழுங்காக உருவாவதில்லை. பின்காலைத் தொடங்கி வைக்கும் டிபிஎக்ஸ்4 மரபணுவின் சுவிட்ச் ஒன்றும் கால் வேலையை மறந்துவிட்டது. அதே துண்டு பிறப்புறுப்பைக் கட்டவும் உதவுவதால் அழியாமல் பிழைத்திருக்கிறது. முன்காலின் நிலை இன்னும் மோசம். மலைப்பாம்பின் கருவில் முன்கால் மொட்டே எழுவதில்லை. அர்ஜென்டினாவில் கிடைத்த நஜாஷ், லெபனானில் கிடைத்த யூபோடோஃபிஸ் ஆகிய தொல்பாம்புகளுக்கும் பின்கால் மட்டுமே இருந்தது. நான்கு காலோடு ஒரு பாம்பு என்று 2015-இல் பிரேசில் புதைபடிவம் ஒன்றை அறிவித்தார்கள். 2021-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள் அது பாம்பே இல்லை, நீரில் வாழ்ந்த பல்லியின் உறவு என்று வாதிட்டார்கள்.